எவ்வளவு ஆதாரம் இருந்தா போதும்?

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவில் எங்க டீம் ஒரு ஸ்லைடு போட்டோம். "அதிகம் தூங்கும் ஹாஸ்டல் மாணவர்களுக்கு சிஜிபிஏ அதிகம். பி-வேல்யூ 0.04. ஆகவே 95% உறுதி." பெருமையா நின்னோம். ரிவ்யூவுக்கு வந்த மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "இதுக்கு முன்னாடி எத்தனை டெஸ்ட் ஓட்டிப் பார்த்தீங்க?"

பதினெட்டு. காபி, மொபைல் ஸ்க்ரீன் டைம், சொந்த ஊர் தூரம், எந்த மாடியில் ரூம் என்று பதினெட்டு விஷயங்களை சிஜிபிஏவோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அதில் "வேலை செஞ்ச" ஒன்றை மட்டும் ஸ்லைடில் போட்டிருந்தோம்.

மார்க் குறைஞ்சது தனிக் கதை. ஆனா அந்தக் கேள்வி என்னை விடல. ஒரு விஷயத்தை உண்மைன்னு சொல்ல எவ்வளவு ஆதாரம் வேணும்? தேடிப் படிச்சப்போ, இயற்பியல், சட்டம், சமூக ஆய்வு மூணும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுதுன்னு தெரிஞ்சது. மூணு துறையும் ஒவ்வொரு விதமா அடிபட்டுத்தான் பாடம் கத்துக்கிட்டிருக்கு.

முதலில் ஒரு நாணயம்

நண்பன் ஒருத்தன் நாணயம் சுண்டுறான். தொடர்ந்து தலையே விழுது. எத்தனை தலைக்கு அப்புறம் "இது ஏமாத்து நாணயம்"னு சொல்வீங்க?

நல்ல நாணயத்திலேயே தொடர்ந்து 4 தலை விழ வாய்ப்பு 16-ல் 1, அதாவது 6.25%. தொடர்ந்து 5 தலை விழ 32-ல் 1, சுமார் 3%. சமூக ஆய்வுகளில் வழக்கமா வைக்கிற 0.05 என்ற எல்லைக்கோடு இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கு. ரொனால்ட் ஃபிஷர் 1925-ல் எழுதிய புள்ளியியல் புத்தகத்தின் வழியா பரவிய எண் அது. வசதிக்காக வச்ச கோடுதான், இயற்கை விதி ஒண்ணும் இல்லை.

துகள் இயற்பியலில் கோடு எங்கயோ மேல இருக்கு. அங்கே "கண்டுபிடிச்சோம்"னு சொல்ல 5 சிக்மா வேணும். துகள் எதுவும் இல்லாம, வெறும் தற்செயலா அந்த அளவு சிக்னல் வர வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் 1. நாணயக் கணக்கில் சொன்னா, தொடர்ந்து 21, 22 தலை விழுற மாதிரி.

5 தலை எங்கே, 22 தலை எங்கே? இவ்வளவு கண்டிப்பு எதுக்கு?

இயற்பியல்: எத்தனை இடத்தில் தேடினீங்க?

ஹிக்ஸ் துகளுக்கான கோட்பாடு 1964-ல் வந்தது. செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு குழுக்களும் தனித்தனியா தேடி, 2012 ஜூலை 4 அன்று 5 சிக்மா அளவுக்கு ஆதாரம் இருப்பதா அறிவித்தன. நடுவில் 48 வருஷம். பீட்டர் ஹிக்ஸும் ஃப்ரான்ஸ்வா ஆங்லேரும் 2013-ல் நோபல் பரிசு வாங்கினாங்க. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

அதிகம் பேசப்படாத கதை ஒண்ணு இருக்கு. 2015 டிசம்பரில் அதே ரெண்டு குழுவும் 750 கிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு சின்ன மேட்டைப் பார்த்தாங்க. அட்லஸ் டேட்டாவில் அந்த இடத்தை மட்டும் பார்த்தா 3 சிக்மாவுக்கு மேல. கோட்பாட்டு இயற்பியலாளர்கள் உற்சாகமாகிட்டாங்க. எட்டு மாசத்துக்குள்ள, அந்தப் புதுத் துகள் என்னவா இருக்கும்னு விளக்கி சுமார் 500 ஆய்வுக் கட்டுரைகள் வந்தன.

2016 ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் புது டேட்டாவைக் காட்டினாங்க. மேடு காணாமப் போயிருந்தது. துகளே இல்லை, வெறும் தற்செயல்.

ரெண்டு குழுவும் இதை முன்கூட்டியே எச்சரிச்சிருந்தன என்பதுதான் முக்கியம். அவங்க ஒரே ஒரு இடத்தில் தேடல, நூற்றுக்கணக்கான ஆற்றல் அளவுகளில் தேடினாங்க. இவ்வளவு இடத்தில் பார்த்தா எங்கேயாவது ஒரு மேடு தெரியத்தான் செய்யும். அதையும் கணக்கில் சேர்த்தா அட்லஸின் எண் சுமார் 2 சிக்மாவுக்கு இறங்கிடுது. 5 சிக்மான்னு கோட்டை மேல வச்சிருக்கிறதுக்கு ஒரு காரணம் இதுதான்.

இப்போ எங்க ப்ராஜெக்டுக்கு வருவோம். எந்தத் தொடர்புமே இல்லாத 18 விஷயங்களைத் தனித்தனியா டெஸ்ட் பண்ணினா, குறைஞ்சது ஒண்ணாவது 0.05-க்குக் கீழ வர வாய்ப்பு எவ்வளவு? 1-லிருந்து 0.95-இன் 18-ஆம் அடுக்கைக் கழிக்கணும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க: 0.60. அதாவது 60%. எங்க "கண்டுபிடிப்பு" வராம இருந்திருந்தாத்தான் கொஞ்சம் ஆச்சரியம்.

சட்டம்: எந்தக் கேள்விக்கான பதில் அது?

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞர் தன் இரண்டு ஆண் குழந்தைகளை இழந்தார். ஒரு குழந்தை 1996-லும் இன்னொன்று 1998-லும், பிறந்த சில வாரங்களிலேயே இறந்து போயின. தாய்தான் கொன்றார் என்று வழக்கு. குழந்தை மருத்துவர் ராய் மெடோ சாட்சி சொன்னார்: இப்படிப்பட்ட வசதியான, புகைப்பழக்கம் இல்லாத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-ல் 1. இரண்டு குழந்தைகள் என்றால் அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கணும், சுமார் 7.3 கோடியில் 1.

1999 நவம்பரில் ஆயுள் தண்டனை விதிச்சாங்க.

ரெண்டு தப்பு இங்கே இருக்கு. முதல் தப்பை முதல் வருஷ மாணவரே பிடிச்சிடுவார். ரெண்டு நிகழ்வும் ஒன்றையொன்று சாராம இருந்தாத்தான் இப்படிப் பெருக்கலாம். ஒரே தாய் தகப்பன், ஒரே மரபணு, ஒரே வீடு. சாராதவைன்னு எப்படிச் சொல்ல முடியும்?

ரெண்டாவது தப்பு நைசா நுழையுறது. ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். 10 லட்சம் பேர் உள்ள ஊரில் ஒரே ஒரு குற்றவாளி. ஒரு சோதனை குற்றவாளியைக் கண்டிப்பா காட்டிக்கொடுக்கும். நிரபராதிக்கும் தப்பா பொருந்த வாய்ப்பு 10,000-ல் 1. ஒருத்தருக்குச் சோதனை பொருந்திடுச்சு, அவர்மேல் வேறு சாட்சியமே இல்லை. அவர் நிரபராதியா இருக்க வாய்ப்பு 10,000-ல் 1 தானா?

இல்லை. அந்த ஊரில் சுமார் 100 நிரபராதிகளுக்கும் சோதனை பொருந்தும். குற்றவாளியையும் சேர்த்தா 101 பேர். அவர் குற்றவாளியா இருக்க வாய்ப்பு 101-ல் 1. ஒரு சதவீதம்கூட இல்லை!

"நிரபராதியா இருந்தா இந்த ஆதாரம் வர வாய்ப்பு எவ்வளவு?" என்பது ஒரு கேள்வி. "இந்த ஆதாரம் வந்திருக்கு, இவர் நிரபராதியா இருக்க வாய்ப்பு எவ்வளவு?" என்பது வேற கேள்வி. முதலாவதோட பதிலை எடுத்து ரெண்டாவதுக்கு ஒட்டினா ஒரு மனுஷர் ஜெயிலுக்குப் போவார். சாலி கிளார்க் வழக்கில் குழந்தைகள் இயற்கையா இறந்திருக்க வாய்ப்பு குறைவுன்னு சொன்னா மட்டும் போதாது. ஒரு தாய் தன் ரெண்டு குழந்தைகளையும் கொல்றதும் மிக மிக அபூர்வம். அந்த ரெண்டு அபூர்வங்களையும் பக்கத்தில் வச்சுத்தான் ஒப்பிடணும்.

2001-ல் ராயல் புள்ளியியல் சங்கம் அந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று பகிரங்கமா சொன்னது. ஒரு குழந்தையின் கிருமிப் பரிசோதனை முடிவுகள் நீதிமன்றத்துக்குச் சொல்லப்படாம இருந்ததும் வெளியே வந்தது. அந்த மருத்துவக் காரணத்தை முதன்மையா வச்சு 2003 ஜனவரியில் தண்டனையை ரத்து செய்தார்கள். புள்ளிவிவரப் பிரச்சினையே தனியா ஒரு காரணமா இருந்திருக்கும்னும் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மூணு வருஷத்துக்கு மேல சிறையில் இருந்த சாலி கிளார்க் 2007-ல் இறந்துபோனார்.

நம்ம நாட்டுச் சட்டத்தில் சிவில் வழக்குக்கு "எது அதிகம் சாத்தியம்" என்பது போதும். கிரிமினல் வழக்குக்கு நியாயமான சந்தேகம் இல்லாத அளவு நிரூபிக்கணும். 1984-ல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சூழ்நிலைச் சாட்சியத்துக்கு ஐந்து நிபந்தனைகள் வகுத்தது. அதில் வலியுறுத்திய வேறுபாடு, "செய்திருக்கலாம்" என்பதற்கும் "செய்திருந்தே ஆக வேண்டும்" என்பதற்கும் நடுவில் உள்ள தூரம். அந்தத் தூரத்தை எண்ணே இல்லாம, வார்த்தையால அளக்கிறாங்க.

சமூக ஆய்வு: எதை வெளியே காட்டல?

2015-ல் ஒரு பெரிய ஆய்வுக் குழு, ஏற்கெனவே பிரசுரமான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செஞ்சு பார்த்தது. மூல ஆய்வுகளில் 97% "முக்கியமான முடிவு"ன்னு சொல்லியிருந்தன. திரும்பச் செஞ்சப்போ 36%-ல் மட்டும்தான் அப்படி வந்தது.

எல்லாரும் பொய் சொன்னாங்கன்னு அர்த்தம் இல்லை. முடிவு வந்த ஆய்வு பத்திரிகையில் வருது, வராதது மேஜை டிராயருக்குப் போகுது. 18 டெஸ்டில் 17-ஐ மறைச்ச நாங்களும் அதைத்தான் செஞ்சோம். இதுக்கு மருந்தா இப்போ பலர் முன்பதிவு முறையைப் பயன்படுத்துறாங்க. டேட்டா எடுக்கிறதுக்கு முன்னாடியே "நான் இதைத்தான் சோதிக்கப்போறேன்"னு எழுதிப் பதிஞ்சிடணும். அப்புறம் கோல் போஸ்ட்டை நகர்த்த முடியாது.

ரிப்போர்ட் எழுதும் முன்

ஒரே கோடு எல்லாத் துறைக்கும் பொருந்தாது, ஏன்னா தப்பானா யாருக்கு என்ன நஷ்டம் என்பது வேற வேற. 750 மேடு பொய்யானப்போ 500 கட்டுரை வீணாச்சு, யாரும் சாகல. நீதிமன்றத்தில் ஒரு எண் பொய்யானா ஒரு வாழ்க்கை போகுது. சமூக ஆய்வு பொய்யானா அது பாடப்புத்தகத்துக்கும் அரசுத் திட்டத்துக்கும் சத்தமில்லாம போய்ச் சேரலாம்.

அதனால எந்த எண்ணைப் பார்த்தாலும் இந்த நாலைக் கேளுங்க:

1. எத்தனை தடவை, எத்தனை இடத்தில் தேடினாங்க?
2. இந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில்?
3. காட்டாம விட்டது என்ன?
4. இது தப்பா இருந்தா யார் விலை கொடுக்கணும்?

எங்க ஸ்லைடில் "95% உறுதி"ன்னு போட்டதும் அதே இடம் மாத்தின தப்புதான். 0.04 என்பது தொடர்பே இல்லாதப்போ இப்படி ஒரு டேட்டா வர வாய்ப்பு. தொடர்பு இருப்பதற்கான உறுதி எவ்வளவுன்னு அது சொல்லாது.

ஃபைனல் ரிப்போர்ட்டில் அந்த வரியை அடிச்சிட்டு இப்படி எழுதினோம்: "18 காரணிகளைச் சோதித்தோம். ஒன்று மட்டும் 0.05-க்குக் கீழ் வந்தது. இது தற்செயலாகவும் இருக்கலாம். புதிய மாணவர்களிடம் தூக்க நேரத்தை மட்டும் மறுபடி சோதிக்க வேண்டும்." 18 முடிவுகளையும் கடைசிப் பக்கத்தில் டேபிளா சேர்த்தோம். பார்க்க முன்னைப் போல கெத்தா இல்லை. ஆனா அடுத்த ரிவ்யூவில் மேடம் அந்த டேபிளைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாங்க. ஜூனியர்ஸ் யாராவது தூக்க நேர சர்வேயைத் தொடர்ந்து செய்ய விரும்பினா சொல்லுங்க, கேள்வித்தாளை அப்படியே தர்றோம்.