சிரமதானம்: ஆசிரியர்க்கு ஒரு பாடம்

ஓரூரிலே பலர் அருகருகே குடியிருத்தல் மாத்திரத்தால் அவர் ஒரு சமூகத்தவராகார். கூடி உழைத்தலினாலும், இடுக்கண் வந்துழி ஒருவர்க்கொருவர் உதவுதலினாலுமே அவ்வுறவு உண்டாகும். இதனை மாணாக்கர்க்கு வாயாற் போதித்தல் எளிது. மனத்திற் பதிப்பித்தற்குக் கைவேலையே வேண்டும். இதற்கு இலங்கையிலே நிகழ்ந்ததோர் உதாரணத்தை ஈண்டு எடுத்துக்காட்டுவாம்.

1958 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரீ. ஆரியரத்தின என்பவர், மாணாக்கரையும் உடனாசிரியர் சிலரையும் அழைத்துக்கொண்டு கனத்தொளுவ என்னுங் கிராமத்திற்குச் சென்றார். அங்கு வாழ்ந்தோர் ரொடியர் எனப்பட்டு, ஏனையோரால் இழிவாக எண்ணி விலக்கப்பட்டவர். பட்டினத்துப் பிள்ளைகள் அவரிடையே தங்கி, கிணறு வெட்டினர்; மலசலகூடங் கட்டினர்; தோட்டஞ் செய்தனர். உழைப்பைத் தானமாக ஈதலின் இது சிரமதானம் எனப்பட்டது. பின்னர்ச் சர்வோதய இயக்கமாக வளர்ந்து, ஆயிரக்கணக்கான கிராமங்களிற் பரந்தது. ஆரியரத்தின 1969 இல் மகசேசே விருது பெற்றார்.

இதிலே நாம் கருதத்தக்கது யாது? செல்வர் பணம் அனுப்பியிருப்பினுங் கிணறு உண்டாயிருக்கும். ஆயினும், கொடுப்பவர் கை மேலும் ஏற்பவர் கை கீழுமாக நின்றே இருக்கும். ஓர் அலவாங்கை மாறிமாறிப் பிடிக்குங்கால் மேல்கீழ் என்பது மறைகின்றது.

யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு இஃது அயலார் செய்தியன்று. சாதி பற்றிப் பிறர் கிணற்றில் நீரள்ளவிடாமையும், 1930 ஐ அண்டிய ஆண்டுகளிலே பாடசாலைகளிற் சம ஆசனம் பற்றி எழுந்த பிணக்கும் நம்மவர் சரித்திரத்தில் உள்ளன. பிள்ளைகளை ஒரு வாங்கில் இருத்தச் சட்டம் போதும். அவர்தம் உள்ளங்களை நெருங்கச் செய்தற்குச் சட்டம் போதாது.

ஆதலின், ஆசிரியர்கள் மூன்று விதிகளைக் கைக்கொள்ளுக. முதலாவது, செய்யத்தக்க வேலையைத் தாமே தெரியாது, அவ்வூராரைக் கேட்டுத் தெரிக, அவரையும் உடனுழைப்பிக்க. இரண்டாவது, நிழலில் நின்று ஏவாது, மண்வெட்டியை முதலிலே தாம் எடுக்க. கடகஞ் சுமத்தலுங் கணக்கெழுதலும் குலமுஞ் செல்வமும் நோக்காது எல்லாப் பிள்ளைகட்கும் முறையாக வரச் செய்க. மூன்றாவது, வேலை முடிவிலே ஊராரோடு ஒரு பந்தியிலிருந்து உண்க.

கிணறு இறைத்துச் சுத்தஞ் செய்த ஒரு மாதத்தின் பின், மாணாக்கரோடு மீண்டும் அங்கே சென்று, யார் யார் அதில் நீரள்ளுகின்றார் என்று பார்க்க. எல்லாரும் அள்ளுவாராயிற் பாடம் முற்றிற்று. அன்றேல், மறுபடியுந் தொடங்குக.