சிறுநீரகக் கற்களை அகற்றுதல்

மாணவர்களே, சிறுநீரில் கரைந்துள்ள உப்புகள் நீர் போதாதவிடத்துப் பளிங்குகளாகப் படிந்து வளர்வதே சிறுநீரகக் கல்லாகும். பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்றாலானவை. வன்னி வெயிலில் வயலில் நின்று வியர்ப்பவர் போதிய நீர் அருந்தாவிடின் சிறுநீர் செறிவடைந்து கல் உண்டாகும் வாய்ப்புக் கூடும்.

எல்லாக் கல்லுக்கும் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. 5 மில்லிமீற்றரிலும் சிறியவை பெரும்பாலும் சிறுநீருடன் தாமாகவே வெளியேறும். சிறுநீர்க்கானில் இறுகிய கல்லோ விலாவிலிருந்து அடிவயிறு வரை கடும் வலி தரும். சிறுநீர்வழியினூடாக மெல்லிய கமராக் குழாயைச் செலுத்தி, அக்கல்லை லேசரால் உடைப்பர். (சிறுநீர்க்கான், சிறுநீர்வழி இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளி இழப்போர் பலர். நானும் படம் வரைந்துதான் தெளிந்தேன்!) சிறுநீரகத்தில் 2 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்த கல்லைப் பொதுவாக முதுகுப்புறம் சிறு துளையிட்டு எடுப்பர். வெட்டித் திறப்பது இன்று அரிது.

2023 யூன் 1ஆம் திகதி கொழும்பு இராணுவ வைத்தியசாலையில் வைத்தியர் கே. சுதர்சன் தலைமையிலான குழுவினர் அகற்றிய கல் 13.372 சென்ரிமீற்றர் நீளமும் 801 கிராம் நிறையும் உடையது. கின்னஸ் அதனை உலக சாதனையாகப் பதிந்தது. வளர்ந்தவரின் சிறுநீரகமே ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர், 150 கிராம்தான்! ஆயினும் அந்நோயாளியின் சிறுநீரகம் தொழிற்பட்டுக்கொண்டிருந்தது.

வவுனியாப் பகுதியில் பேசப்படும் நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு. அதில் சிறுநீரகமே பழுதடைகிறது. எடுத்தெறியக் கல் இல்லை. விடையில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

பயிற்சி வினா: சிறுநீர்க்கானிலுள்ள கல்லை அடையக் கமராக் குழாய் கடந்து செல்லும் பகுதிகளை ஒழுங்குமுறையில் எழுதுக.