பாட்டும் பக்கத்து வீட்டுக் கதையும்

என் ஊர் குமுளி. ஒரே தெருவின் இப்புறம் கேரளமாகவும் அப்புறம் தமிழ்நாடாகவும் அமைந்த ஊர் அது. விடிவதற்கு முன்பே கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஏலக்காட்டு வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறி வரும். என் தந்தையார் அவற்றுள் ஒன்றை ஓட்டுகிறார். முன்பு கேசட், இப்போது பென் டிரைவ். கருவி மாறியதேயன்றி அவர் வண்டியில் ஒலிக்கும் பாட்டு மாறவில்லை. பெரும்பாலும் கண்ணதாசன் பாட்டு, அடுத்தபடியாக இளையராசா.

பாட்டு ஒலித்தால் அதன் பின்னாலேயே ஒரு கதையும் வரும். இந்தப் பாட்டை இன்னாரை நினைத்து எழுதினார், அந்தப் பாட்டை இன்னாரோடு பிணக்கு வந்தபோது எழுதினார் என்று ஜீப்பில் யாரேனும் ஒருவர் சொல்வார். அக்கதைகளைக் கேட்டே நான் வளர்ந்தேன். சென்ற ஆண்டு நம் சங்கக் கூட்டத்தில் கண்ணதாசனைப் பற்றி நான் பேசியது உங்களுட் சிலருக்கு நினைவிருக்கலாம். கைதட்டலுக்குக் குறைவில்லை. ஆனால் அன்று நான் பேசியது கண்ணதாசன் பாட்டைப் பற்றியன்று. அவர் கடனைப் பற்றியும், கோபத்தைப் பற்றியும், உறக்கத்தைப் பற்றியுமே பேசினேன். கூட்டம் முடிந்ததும் முதலாண்டு மாணவி ஒருவர் வந்து, "அந்தப் பாட்டில் என்ன சிறப்பு?" என்று கேட்டார். நான் இன்னொரு கதையைச் சொல்லிச் சமாளித்தேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நடந்தது அதனினும் பெரிது. 1965 இல் வெளிவந்த 'பழநி' படத்தில் அண்ணன் தம்பி உறவை நொந்து பாடும் பாட்டொன்று உண்டு, நீங்கள் அறிவீர்கள். கூடலூரில் எங்கள் தாத்தாவின் நிலத்தைப் பிரித்தபோது என் தந்தையாருக்கும் அவர் அண்ணனுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. அன்று முதல் அந்தப் பாட்டு எங்கள் வண்டியில் ஓயாமல் ஒலித்தது. நான் என் புலமையைக் காட்ட எண்ணி, "அப்பா, இது எதுக்கு எழுதுன பாட்டு தெரியுமா? கண்ணதாசன் வீட்டாரிடம் பணம் கேட்டாராம், கொடுக்கலையாம். அந்தக் கோபத்துல எழுதுனதாம்" என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்படியாப்பா? நான் நம்ம வீட்டுக்குன்னே எழுதுனதுன்னுல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அதன் பின் இரண்டு நாள் அந்தப் பாட்டை அவர் போடவில்லை.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த இரண்டு நாள்தான்.

முதலில் அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 'பழநி' ஏ. பீம்சிங் இயக்கிய படம். தம்பியருக்காகவே வாழ்ந்த உழவன் ஒருவன், அந்தத் தம்பியரே விலகிப் போகும்போது பாடவேண்டிய இடம் அது. கவிஞரிடம் யாரும் கடன் மறுக்காமல் இருந்திருந்தாலும் அந்த இடத்தில் அப்பாட்டு எழுதப்பட்டே இருக்கும். கதை அதைக் கேட்கிறது. கவிஞரின் சொந்த மனக்குறை அதில் கலந்திருக்கலாம். கலந்திருந்தால்தான் என்ன? குறை உடையோர் ஊரில் ஆயிரம் பேர். அவர்களெல்லாம் பாட்டு எழுதிவிடவில்லை.

எழுதிய முறையைப் பாருங்கள். எல்லார் வீட்டிலும் உள்ள இரண்டு உறவுச் சொற்கள். அவற்றோடு இகழ்ச்சி தோன்றும் ஒரு வினாச்சொல். பல்லவியின் தொடக்கம் அவ்வளவே. அந்த வினாச்சொல்லின் கடைசியில் 'டா' என்னும் ஓரெழுத்து நிற்கிறது. அதை எடுத்துவிட்டுப் பாடிப்பாருங்கள். பாட்டு மேடைப்பேச்சாகிவிடும், அறிவுரையாகிவிடும். 'டா' இருப்பதனால் அது திண்ணைப் பேச்சாக நிற்கிறது. மேலும் அந்த 'டா' யாரை விளிக்கிறது என்பது சொல்லப்படவில்லை. தம்பியையா, தன்னையேயா, கேட்டுக்கொண்டிருக்கும் நம்மையா? ஜீப்பில் அமர்ந்து கேட்ட என் தந்தையார் தம்மைத்தான் விளிக்கிறது என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ள இடம் விட்டு வைத்திருந்தார் கவிஞர். ஊர்ப்பெயர் இல்லை, ஆட்பெயர் இல்லை, கடன் தொகை இல்லை. இவையெல்லாம் மறந்து விடுபட்டவை அல்ல, தெரிந்தே விடப்பட்டவை.

இன்னொரு பாட்டைச் சொல்கிறேன். 1962 இல் ஸ்ரீதர் இயக்கி வெளிவந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. நோயுற்ற கணவன், தான் இறந்துவிட்டால் மருத்துவரை மணந்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அவள் பி. சுசீலாவின் குரலில் விடை சொல்கிறாள். அவள் சொல்லும் விடை ஒரு கேள்வி. இந்தப் பாட்டுக்கும் கதை உண்டு: கவிஞர் நேரங்கழித்து வந்ததால் இசையமைப்பாளர் சினந்து ஏதோ சொன்னாராம், அது கவிஞர் காதுக்கு எட்டியதாம், "சொன்னது நீயா" என்று அவரைக் கேட்கவே பாட்டெழுதினாராம். மேடைக்கு மேடை சொல்லப்படும் கதை, சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பல்லவியில் 'நீ' என்ற சொல்லோடு 'தான்' என்னும் தேற்றமும் 'ஆ' என்னும் வினாவும் அடுத்தடுத்து ஒட்டி நிற்பதை அக்கதை காட்டுமா? உறுதியும் ஐயமும் ஒரே மூச்சில் வருகின்றன. சொன்னவன் நீதான் என்று அவளுக்குத் தெரியும்; நீயாக இருக்கக்கூடாது என்றும் அவள் நெஞ்சு விரும்புகிறது. இதனை விளக்க உரைநடையில் எனக்கு இரண்டு வாக்கியம் தேவைப்பட்டது. அவருக்கு மூன்றெழுத்துப் போதுமாயிற்று. அதற்கு மேலும் ஒன்று: மெட்டு நீண்டு நிற்கும் இடத்தில் அந்த 'ஆ' வந்து விழுகிறது. பாடகி வாய்திறந்து குரலை நிறுத்த ஒரு நெடில் கிடைக்கிறது.

மெட்டுக்குப் பாட்டெழுதுவது எத்தகைய வேலை என்பதை நம்மில் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. எழுதிய பாட்டுக்கு மெட்டமைப்பதும் உண்டு. மெட்டை முதலில் வைத்துக்கொண்டு சொல்லைத் தேடுவதும் உண்டு. பின்னதில் இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் வாசித்துத் 'தன்னன தானன' என்று பாடிக்காட்டுவார். 'தன' என்ற இடத்தில் குறில் இணை வேண்டும், 'தா' என்ற இடத்தில் நெடில் வேண்டும். வல்லின ஒற்று வந்தால் ஓசை அங்கே வெட்டுப்படும். வேகமான மெட்டுக்கு அது அழகு, தாலாட்டுக்குக் கேடு. இதற்குமேல் எதுகை வேண்டும், மோனை வேண்டும், ஏட்டில் படிக்காமல் காதால் மட்டும் கேட்பவனுக்கு இயைபு மிகவும் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு பொருளும் வேண்டுமன்றோ! கண்ணதாசன் பெரும்பாலும் வாயாற் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொள்வார். நீண்ட காலம் அவ்வாறு எழுதியவர் பஞ்சு அருணாசலம். அவரே பின்னர் 1976 இல் 'அன்னக்கிளி' வழியாக இளையராசாவை அறிமுகம் செய்தார். எட்டாம் வகுப்பளவே பள்ளிக்கூடம் கண்ட ஒருவர், சந்தத்தைக் கேட்ட சில நிமிடங்களில் அதற்கேற்ற சொல்லை உதிர்க்க வேண்டுமானால் எவ்வளவு பழந்தமிழ் அவர் காதில் ஊறியிருக்கவேண்டும்! வியக்க வேண்டிய வாழ்க்கைச் செய்தி இதுதான். அதை விட்டுவிட்டு அவர் என்ன குடித்தார் என்று கேட்கிறோம்.

இப்பழக்கம் சினிமாவோடு வந்ததன்று. தனிப்பாடல் திரட்டைப் புரட்டினால் பாட்டுக்கொரு கதை. காளமேகம் யாரை வைதார், ஒளவை யாரிடம் கூழ் உண்டார் என்று கதையோடுதான் பாட்டு வரும். 1876 இல் வெளிவந்த வினோதரசமஞ்சரி கம்பர், ஒட்டக்கூத்தர் முதலியோரைப் பற்றிய இத்தகைய கதைகளால் நிறைந்தது. கதைகளை நான் வெறுக்கவில்லை. அவை இல்லாவிட்டால் பல பாட்டுகள் நம் கைக்கே வந்திரா. ஆயினும் அதற்கு நெடுங்காலம் முன்பே தமிழர் வேறொரு வழி கண்டிருந்தனர். ஒத்த அன்புடைய தலைவனையும் தலைவியையும் பாடும்போது இன்னார் என்று பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிந்திருக்கும் அரசியின் துயரும் பாசறையில் இருக்கும் அரசனின் நிலையுமே பாட்டு. எங்கும் பெயர் இல்லை. ஆனால் வேலில் வேப்பந்தழை கட்டியிருந்ததாக ஓரிடத்தில் வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பால் ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டதாகக் கொண்டு, நச்சினார்க்கினியர் அதனை அகம் அன்று, புறம் என்றார். ஒரு தழையால் ஒரு காதற்பாட்டு வகை மாறிவிட்டது! பெயர் இல்லாதிருந்தால் அந்தத் துயர் கேட்பவர் எவருடையதும் ஆகலாம். பெயர் தெரிந்துவிட்டால் அது அரண்மனைச் செய்தி. நாம் பாட்டுக்குப் பாட்டு வேப்பந்தழை தேடிக்கொண்டிருக்கிறோம்.

"கவிஞர்களே வாயிலைத் திறந்து வைத்தால் நாங்கள் என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்ணதாசன் 'வனவாசம்' என்று தம் வரலாற்றைத் தாமே எழுதி, தம் குறைகளை ஊரறியச் சொன்னார். இன்று உலகெங்கும் பேசப்படும் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட், தம் தொடக்க காலத் தொகுப்புகளில் அச்சிட்ட பாட்டு வரிகளுக்கிடையே சில எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தாக்கி மறைசெய்தி வைத்தார். சுவைஞர்கள் அவற்றைக் கூட்டிப் படித்து எந்தக் காதலன் என்று துருவினர். அவரே 2010 இல் ஒரு தொகுப்பின் பாட்டுகள் அனைத்தையும் துணையின்றித் தனியே எழுதினார், தாமே எழுதுகிறாரா என்று ஐயுற்றவர்களுக்கு விடையாக. தூண்டில் போட்டவருக்கே மீன் சுமையாகிவிட்டது.

சில பாட்டுகளில் கதைக்குச் சான்று பாட்டுக்குள்ளேயே இருப்பதும் உண்மை. 1967 இல் வந்த 'பட்டணத்தில் பூதம்' படத்தில், சிவகாமியின் மகனுக்குச் செய்தி அனுப்பும் பாட்டு முருகனைப் பாடுவதுபோல் காமராசரைக் குறித்தது என்பர். காமராசரின் தாயார் பெயர் சிவகாமி ஆதலால் இதனை வெறுங்கதை என்று தள்ள முடியவில்லை. ஆனால் அப்பாட்டைக் கொண்டுதான் கவிஞர் காங்கிரசில் சேர்ந்தார் என்று சிலர் மேலும் நீட்டும்போது ஆண்டு இடிக்கிறது. அவர் இருந்த தமிழ்த் தேசியக் கட்சி 1964 இலேயே காங்கிரசோடு இணைந்துவிட்டது. ஜீப்பில் இதைச் சொன்னேன். "அதெல்லாம் பார்த்தா கதை சொல்ல முடியுமாப்பா?" என்றார் ஓர் அக்கா.

தனிவாழ்வு ஆர்வம் விளையாட்டாக மட்டும் முடிவதில்லை. 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளி கண்டது. நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சிட்டே பிழைத்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் அதே ஆண்டு நவம்பரில் வேப்பேரியில் குத்துண்டு இறந்தார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராச பாகவதரும் என்.எஸ். கிருட்டிணனும் தண்டிக்கப்பட்டு, 1947 இல் விடுதலையாகும்வரை சிறையில் இருந்தனர். பாகவதரின் வாழ்வு பழைய உயரத்திற்கு மீளவேயில்லை. இந்தக் கதை இன்றும் எல்லாருக்கும் தெரியும். 'ஹரிதாஸ்' பாட்டுகளை எழுதியவர் யார் என்று நம் விடுதியில் பன்னிருவரைக் கேட்டேன், ஒருவருக்கே தெரிந்திருந்தது. பாபநாசம் சிவன். பாட்டைக் கொடுத்தவரைக் கேட்க ஆளில்லை, பத்திரிகை தூற்றியதைக் கேட்க ஊரே இருந்தது.

வாழ்க்கையை முழுதும் மறைத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குமுளியிலிருந்து மலையிறங்கிக் கம்பம் தாண்டிக் கோம்பை வழியே போனால் பண்ணைப்புரம். இளையராசாவின் அண்ணன் பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்காகத் தோட்டத் தொழிலாளரிடையே பாடினார் என்பதை அறிந்தபின், அந்தக் குடும்பத்து இசையில் மலைத்தொழிலாளர் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கிற்று. அச்செய்தி காதைத் திறக்கிறது. இளையராசா எந்த மேடையில் யாரிடம் சினந்தார் என்ற செய்தியோ அவர் இசையில் ஒரு சுரத்தையும் கூடுதலாகக் கேட்கச் செய்வதில்லை. 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது, அதை மேலைக் குறியீட்டில் அவர் எழுதிய முறையைப் பற்றி எங்கள் ஊர் டீக்கடையில் பேச்சு நிகழவில்லை. என்ன பேசினார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பழைய பாட்டு வண்டியில் மீண்டும் ஒலித்தது. கடன் கதையை மறந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், அந்த 'டா' என்னும் எழுத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். லோயர் கேம்ப் தாண்டி வளைவு ஏறிக்கொண்டிருந்த அவர், பாட்டை நிறுத்திவிட்டு, "அது சரி. ஆனா இந்தப் பாட்ட ஏத்தத்துல போடக்கூடாதுப்பா, எஞ்சின் சத்தத்துல அந்த டாவே கேக்காது. எறங்கும்போது போடுறேன், அப்பக் கேளு" என்றார்.