டிவியை இறக்கப் போகும் தம்பிகளுக்கு

‘அண்ணாச்சி, பழைய டிவியை எடுத்துட்டு ஹால்ல புரொஜெக்டர் மாட்டலாம்னு இருக்கோம், எது நல்லது?’ மட்டாஞ்சேரியில் புதுக்குடித்தனம் வைக்கிற பிள்ளைகள் இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஹாலில் ஜன்னல் எந்தப் பக்கம்? சிரிக்கிறார்கள். கல்யாண மண்டபத்திலும் கண்காட்சிக் கிடங்கிலும் இந்தப் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டே நரைத்தவன் நான். படத்தில் பாதியைத்தான் பெட்டி தரும். மறுபாதியை அறை தர வேண்டும். கடைக்குப் போகுமுன் கீழே உள்ளதை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள்.

1. வீட்டில் டிவி எந்தெந்த நேரத்தில் ஓடுகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். 2022 உலகக் கோப்பை நினைவிருக்கும். நவம்பர் 22 அன்று சவுதி அரேபியாவிடம் அர்ஜென்டினா தோற்ற ஆட்டம் நம் நேரப்படி பிற்பகல் 3.30க்கு. டிசம்பர் 18 இறுதி ஆட்டம் இரவு 8.30க்கு. இறுதி ஆட்டத்துக்குப் புரொஜெக்டரைப் போல ஒன்று இல்லை. 3.30 ஆட்டத்துக்கு, ஜன்னல் திறந்த ஹாலில், பந்து எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தக் கோப்பையைச் சேர்ந்து பார்ப்பதற்கென்றே கொச்சிப் பக்கம் முண்டக்காமுகளில் 17 ரசிகர்கள் 23 லட்ச ரூபாய்க்கு ஒரு வீட்டையே வாங்கினார்கள். அவர்களும் பெரிய டிவி வைக்கத்தான் திட்டமிட்டார்கள். ஐபிஎல் இரவு ஆட்டமும் ராத்திரிப் படமும்தான் உங்கள் தேவை என்றால் மேலே படியுங்கள். காலைச் செய்தி, மத்தியானச் சீரியல் எல்லாம் ஓடுகிற வீடு என்றால் நேரே 9ஆம் எண்ணுக்குப் போய்விடுங்கள்.

2. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சத்தை மட்டும்தான் வீசும். படத்தில் நீங்கள் கறுப்பு என்று பார்ப்பது வெளிச்சம் விழாத சுவரைத்தான். பகலில் ஜன்னலைப் பாதி சாத்தினாலும் ஹால் சுவரில் 100 லக்ஸ் வெளிச்சம் சாதாரணமாக விழும். வெள்ளைத் திரையில் அது ஏறத்தாழ 30 நிட் பிரகாசம். அன்றைக்கு உங்கள் கறுப்பு அவ்வளவுதான். 1,000 லூமன் பெட்டி 100 அங்குலத் திரைக்குத் தருவது சுமார் 115 நிட். கணக்குப் போட்டால் கறுப்பைவிட வெள்ளை ஐந்து மடங்குகூடத் தேறாது. கதாநாயகியின் கூந்தலும் அவள் பின்னாலிருக்கிற இருட்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். டிவிக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் முகமே கறுப்பு.

நம்மூர் பினாலே கலைக் கண்காட்சியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியதிலிருந்து ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பழைய கிடங்குகளில் எத்தனையோ வீடியோ படைப்புகள் ஓடியிருக்கின்றன. 2018இல் வில்லியம் கென்ட்ரிட்ஜின் எட்டுத் திரைப் படைப்பும் வந்தது. அந்த அறைகளின் ஜன்னலையும் வாசலையும் பாருங்கள்: பலகை அடித்து, வாசலில் கறுப்புத் துணியை இரட்டையாகத் தொங்கவிட்டு, வெளிச்சம் நுழைய வழியே இல்லாமல் செய்திருப்பார்கள். வெளியே நடுப்பகல், உள்ளே நள்ளிரவு. திருச்சியில் ரயில்வே வேலையை விட்டுவிட்டு 1905இல் சினிமாப் பெட்டியோடு ஊர் ஊராகக் கிளம்பிய சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்திலிருந்து இந்த விதி மாறவில்லை. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: நம் மர ஜன்னல்களின் இடுக்கை மறைக்கக் கனத்த திரைச்சீலை, திரையைச் சுற்றிய சுவருக்கும் அதன் மேலுள்ள கூரைக்கும் அடர்ந்த நிறம். வெள்ளைக் கூரை, படத்தின் வெளிச்சத்தையே வாங்கித் திரும்பத் திரை மேல் கொட்டும்.

3. அட்டைப் பெட்டியில் அச்சடித்த லூமனை நம்பாதீர்கள். ஆன்சி என்றோ ஐஎஸ்ஓ என்றோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆன்சி முறையில் திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் அளந்து சராசரி எடுப்பார்கள். அந்தப் பெயர் எதுவும் இல்லாமல் ஐந்திலக்கத்தில் லூமன் போட்ட மலிவுப் பெட்டி வந்தால், அந்த எண்ணை ஒரு அலங்காரமாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

அதற்காக வெளிச்சத்துக்குப் பேராசைப்படவும் வேண்டாம். டிஜிட்டல் சினிமாவில் கொட்டகைத் திரைக்கு வைத்திருக்கிற அளவே 48 நிட்தான். உண்மையான 500 ஆன்சி லூமன், 100 அங்குலத்தில் 57 நிட் தந்துவிடும். நன்றாக இருட்டிய அறையில் அது போதும். விளக்கெரியும்போதும் பார்க்க வேண்டும் என்றால் 2,000க்குக் கீழே யோசிக்காதீர்கள்.

4. அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 100 அங்குலப் படம் 221 சென்டிமீட்டர் அகலம், 125 சென்டிமீட்டர் உயரம். பெட்டியின் த்ரோ விகிதம் 1.2 என்றால் 221ஐ 1.2ஆல் பெருக்குங்கள்: திரையிலிருந்து 265 சென்டிமீட்டர் தள்ளிப் பெட்டி இருக்க வேண்டும். நம் பழைய வீடுகளில் பலவும் முகப்புக் குறுகி உள்ளே நீண்டு போகிறவை. குறுக்கே போட்டால் தூரம் பற்றாது, நெடுக்கே போட்டால் அடுக்களைக்குப் போகிற ஒவ்வொருவரின் நிழலும் படத்தில் விழும். மச்சின் உத்தரத்தில் தொங்கவிடுவதுதான் பல வீட்டுக்கும் பொருந்துகிறது. உத்தரம் பழையது என்றால் ஆசாரியைக் கூட்டிவந்து காட்டிவிட்டு ஆணி அடியுங்கள்.

கோணலாக வைத்துவிட்டு கீஸ்டோனால் சரிசெய்துகொள்ளலாம் என்று கடையில் சொல்வார்கள். சரியாகும். ஆனால் அது படத்தைச் சுருக்கி வெட்டித்தான் நேராக்குகிறது, கூர்மை போகும். நேராக வைக்க இடம் தேடுங்கள், கீஸ்டோன் கடைசிக் கைமருந்து.

5. சுவருக்கு அடியிலேயே வைக்கிற அல்ட்ரா ஷார்ட் த்ரோ பெட்டிக்கு இப்போது மவுசு. நிழல் விழாது, தொங்கவிட வேண்டாம், எல்லாம் உண்மை. ஆனால் அதன் வெளிச்சம் கீழிருந்து மிகச் சரிவாகச் சுவரை வருடிக்கொண்டு மேலே போகிறது. நம் சுண்ணாம்புச் சுவரில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளமும், உப்புப் பூத்து உதிர்ந்த ஒவ்வொரு இடமும் படத்தில் அலையாகத் தெரியும். கையால் தடவிப் பார்த்தால் சமமாக இருக்கும் சுவர்கூடத் தப்பாது. இந்த வகை வாங்கினால் அதற்கென்று செய்த, சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

6. ‘4கே சப்போர்ட்’ என்றால் 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். வெளியே விடுவது 720பி ஆகவும் இருக்கலாம். ‘நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவு?’ என்று அதே வார்த்தையில் கேளுங்கள். ஹாலுக்கு 1080பி குறைந்தபட்சம்.

7. ஈரக்காற்று. கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆகவே நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். காயலும் கடலும் சூழ்ந்த ஊர் இது. இடவப்பாதி மழையில் செருப்பே பூஞ்சை பிடிக்கும். லென்ஸ் மட்டும் தப்புமா? மலிவான எல்சிடி பெட்டிகள் பலவற்றில் ஒளிப்பாதை மூடப்பட்டிருக்காது. விசிறி இழுக்கிற காற்றோடு தூசியும் உள்ளே போய்ப் பலகத்தில் ஒட்டிக்கொள்ளும். பஜார் ரோட்டுப் பக்கம் மிளகும் சுக்கும் மூட்டை ஏறி இறங்குகிற தெரு என்றால் தூசிக்குக் கேட்க வேண்டாம். இருட்டுக் காட்சியில் மங்கலான வெளுத்த வட்டங்கள் தெரிந்தால் அதுதான். ஒளிப்பாதை அடைத்து மூடியதா என்று கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் படம் பார்க்காவிட்டாலும் வாரம் இரண்டு மூன்று தடவை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். அலமாரிக்குள் அடைத்து வைக்கவே கூடாது. சுருட்டும் திரையையும் ஈரத்தோடு சுருட்டிவிடாதீர்கள், கறுப்புப் புள்ளி வந்தால் போகாது.

அப்புறம் இடி. துலாவர்ஷ மழைக்காலத்தில் சாயங்காலம் வானம் உறுமத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், கேபிள் ஒயரையும் சேர்த்து. பல்பு வைத்த பழைய வகை என்றால் அணைத்த பிறகும் விசிறி ஓடி முடியும் வரை மின்சாரம் வேண்டும், அதற்கு ஒரு யூபிஎஸ் தேவை. அந்தப் பல்பு 3,000 முதல் 5,000 மணி நேரம் வரும். எல்இடி, லேசர் வகைகளுக்கு 20,000 மணி நேரத்துக்கு மேல் சொல்கிறார்கள். டிவிக்குப் பதிலாக என்றால் பல்பு வகையைத் தொடாதீர்கள்.

8. செட்-டாப் பாக்ஸ் எங்கே, ஒலி எங்கே என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பெட்டி உத்தரத்தில் தொங்கும், கேபிள் கீழே வரும். நடுவில் நீள ஹெச்டிஎம்ஐ ஒயர் ஓட வேண்டும். உள்ளிருக்கிற ஸ்பீக்கர் பெயருக்குத்தான், அதுவும் உங்கள் தலைக்குப் பின்னாலிருந்து பேசும். சவுண்ட்பார் வாங்கித் திரைக்குக் கீழே வையுங்கள். மலிவான பெட்டிகளில் நெட்ஃபிளிக்ஸுக்கு உரிமம் இருக்காது. ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகினால் தீர்ந்தது.

9. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பழைய டிவியை விற்காதீர்கள். கீரை ஆய்ந்துகொண்டே ஏழு மணி சீரியல் பார்க்கிற அம்மாவிடம் விளக்கை அணைக்கச் சொல்ல முடியுமா? அவர்களுக்குப் படம் பாதி, பேச்சு பாதி. டிவி உள்ளறைக்குப் போகட்டும், ஹாலில் ராத்திரிக்குப் புரொஜெக்டர். ஒரே ஒன்றுதான் வைக்க முடியும், பகலிலும் ஓடும் என்றால் 55 அங்குல டிவியே வாங்குங்கள். புரொஜெக்டர்காரன் சொல்கிறேன்.

10. கடையில் இருட்டறைக்குள் அழைத்துப் போய் மீனும் பவளப்பாறையும் நீந்துகிற படம் காட்டுவார்கள். அது எந்தப் பெட்டியிலும் அழகாகத்தான் இருக்கும். விளக்கைப் போடச் சொல்லுங்கள். ராத்திரிச் சண்டைக்காட்சி உள்ள ஒரு தமிழ்ப் படத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். கீஸ்டோனை அணைத்துவிட்டு நான்கு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரிக் கூர்மையாக இருக்கிறதா பாருங்கள். பேச்சில்லாத இடத்தில் விசிறிச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள். சர்வீஸ் எர்ணாகுளத்திலேயே உண்டா, வெளியூருக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் பில் போடுமுன் கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.