சவுண்டு வராத சிஸ்டம்: சர்வீஸ் பழக வரும் தம்பி தங்கைகளுக்கு

பழைய சிஸ்டத்தில் ஓஎஸ் மாற்றினால் படம் வரும், நெட் வரும், சவுண்டு மட்டும் வராது. புதுக்கோட்டைப் பக்கம் அப்படி வருகிற மெஷின்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, 2006, 2007 வாக்கில் அசெம்பிள் பண்ணிய இன்டெல் 945 சிப்செட் மதர்போர்டு. ஸ்டுடியோக்களிலும் மைக்செட்காரர் வீடுகளிலும் இன்னும் எக்ஸ்பியோடு ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று, 2011-ல் தொடங்கிய திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப். அக்கா படித்து, தம்பி படித்து, இப்போது அக்கா மகன் கையில் இருக்கும். இந்த இரண்டையும் வைத்துத்தான் நீங்கள் தொழில் பழகப் போகிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

1. முதலில் ஸ்பீக்கரைச் சந்தேகப்படுங்கள். அதைக் கழற்றி ஒரு செல்போனில் செருகிப் பாருங்கள். பின்பக்கம் பச்சை ஓட்டைதான் ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து பாட்டு உள்ளே வர. முன்பக்க ஓட்டையை நம்பவே நம்பாதீர்கள். கேபினெட்டிலிருந்து போர்டுக்குப் போகும் அந்த ஒயரைப் பாதிப் பேர் செருகியே இருக்க மாட்டார்கள். மானிட்டர் எச்டிஎம்ஐ ஒயரில் ஓடுகிறதா? அப்படியென்றால் ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குச் சிஸ்டம் பாட்டை அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் பண்ணி எந்தச் சாதனம் தேர்வாகியிருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

2. சவுண்டு வரவில்லை என்பதற்காக மறுபடி ஃபார்மட் அடிக்காதீர்கள். ஒருவர் கல்யாண வீடியோவையே அந்த ஹார்டு டிஸ்க்கில்தான் வைத்திருப்பார்.

3. கோளாறு சிப்பிலா டிரைவரிலா என்று தெரியாமல் டவுன்லோடு பக்கம் போகாதீர்கள். தெரிந்துகொள்ள ஒரு லினக்ஸ் பென்டிரைவ் போதும். இன்ஸ்டால் பண்ண வேண்டாம், பென்டிரைவிலிருந்தே பூட் பண்ணிப் பாட்டுப் போடுங்கள். லினக்ஸ் கெர்னல் 2.6 வந்த 2003-லிருந்து ‘அல்சா’ என்கிற ஒலிப் பகுதி உள்ளேயே சேர்ந்து வருகிறது. பழைய சிப்புகளை அது பெரும்பாலும் தானே கண்டுபிடித்துவிடும். பாட்டு கேட்டால் சிப் நன்றாக இருக்கிறது, குறை விண்டோஸ் பக்கம். கேட்காவிட்டால் டெர்மினலில் ‘அல்சாமிக்ஸர்’ திறந்து, எந்தக் கம்பத்தின் அடியிலாவது ‘எம்எம்’ என்று இருக்கிறதா பாருங்கள். அது மியூட். ‘எம்’ விசையைத் தட்டினால் போய்விடும். அரசு லேப்டாப் என்றால் இன்னும் சுலபம். சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் விண்டோஸோடு சேர்த்தே அதில் கொடுக்கப்பட்டது. யாரும் அழிக்காமல் விட்டிருந்தால் அதில் பூட் பண்ணிக் கேளுங்கள்.

4. கம்பெனி பெயரை வைத்து டிரைவர் தேடாதீர்கள், சிப் எண்ணை வைத்துத் தேடுங்கள். வேலையில் முக்கால்வாசி இதுதான். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி போட்ட வரியைத் திறந்து, ‘டீட்டெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஐடி’யைப் பாருங்கள். அங்கே ஒரு வென்டர் எண்ணும் ஒரு டிவைஸ் எண்ணும் இருக்கும். வென்டர் 10இசி என்றால் ரியல்டெக், 1106 என்றால் வியா, 8086 என்றால் இன்டெல். 10இசி-யோடு 0662 இருந்தால் அது ரியல்டெக் ஏஎல்சி662. பெட்டி மேல் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் கவலை இல்லை. எண் வரவே இல்லையென்றால் கேபினெட்டைத் திறந்து, பின்பக்க ஓட்டைகளுக்குப் பக்கத்தில் செல்போன் டார்ச் அடியுங்கள். நகம் அளவு சதுரச் சிப், அதன் மேல் நண்டு படம் இருந்தால் ரியல்டெக். பக்கத்திலேயே எண்ணும் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

5. எக்ஸ்பியில் வரிசை மாறினால் வேலை நடக்காது. முதலில் சிப்செட் டிரைவர், அடுத்து பஸ் டிரைவர், கடைசியில்தான் ரியல்டெக். இன்டெல் 2004-ல் கொண்டுவந்த எச்டி ஆடியோவை 2001-ல் வந்த எக்ஸ்பிக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட்டின் கேபி 888111 திருத்தம் போட்டால்தான் ‘இப்படி ஒன்று இருக்கிறது’ என்று அதற்குத் தெரியும். இங்கேதான் எரிச்சல். சர்வீஸ் பேக் 3 போட்ட எக்ஸ்பியில் அந்தத் திருத்தத்தை ஓட்டினால், ‘உன்னிடம் இருப்பது இதைவிடப் புதிது’ என்று சொல்லி நின்றுவிடும். ஆனால் சவுண்டு வராது. ஃபைலை விரித்து, உள்ளே இருக்கும் பஸ் டிரைவரை டிவைஸ் மேனேஜர் வழியாகக் கையால் காட்டிக் கொடுக்க வேண்டும். ரியல்டெக்கின் எக்ஸ்பி தொகுப்புக்குள்ளேயே அது ஒரு தனி ஃபோல்டரில் இருக்கும், வெளியே தேடி அலைய வேண்டாம்.

விண்டோஸ் 7, 10 என்றால் இவ்வளவு பாடு இல்லை. ரியல்டெக் மக்கர் பண்ணினால் அதை நீக்கிவிட்டு, பட்டியலிலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் ‘ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு கேட்க அது போதும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் டிரைவரைத் திணிக்க மட்டும் பார்க்காதீர்கள், ஏறாது.

6. பழைய காலமே நல்ல காலம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனி 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டை விட்ட காலத்தில், முகவரி 220, ஐஆர்கியூ 5, டிஎம்ஏ 1 என்று கார்டில் ஜம்பரைக் குத்தி, அதே எண்ணை விளையாட்டிலும் எழுத வேண்டும். இன்னொரு கார்டு அதே எண்ணைப் பிடித்திருந்தால் தொலைந்தது.

7. ‘உங்கள் டிரைவர்கள் பழையவை, இங்கே அழுத்தவும்’ என்று ஓடிவந்து உதவுகிற மென்பொருளை வாசலிலேயே நிறுத்துங்கள்.

8. தேதியைப் பாருங்கள். 2018 நவம்பர் 16-ல் அடித்த கஜா புயலுக்குப் பிறகு ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஏற்கெனவே தேய்ந்த சிஆர்2032 பேட்டரி உள்ள போர்டு அப்படிக் கிடந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும், பயாஸில் மாற்றி வைத்ததெல்லாம் அழிந்துவிடும். தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் ‘இந்தத் தளம் பாதுகாப்பற்றது’ என்று டவுன்லோடு பக்கத்தையே திறக்காது. நெட்காரரைத் திட்டுவதற்கு முன்னால் பேட்டரியை மாற்றுங்கள். பயாஸில் ஆன்போர்டு ஆடியோ ஆன் ஆகி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

9. பார்வையற்றவரின் சிஸ்டம் வந்தால் மற்ற வேலையை ஓரம் வையுங்கள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-ல் தொடங்கிய என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். ஆனால் சவுண்டு இல்லாவிட்டால் அந்த மனிதருக்குத் திரையே இல்லை. ‘ரெண்டு நாள் கழிச்சு வாங்க’ என்று அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

10. அதற்காகவே யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். கட்டைவிரல் அளவுதான், இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பெரும்பாலும் டிரைவர் கேட்காது, செருகியதும் பேசும். ஒரு மணி நேரம் பார்த்தும் வழி தெரியவில்லையென்றால் அதைச் செருகிக் காட்டி, விலையைச் சொல்லி, முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள். இது தோல்வி இல்லை, கணக்கு. நாள் முழுக்க ஒரு டிரைவரோடு மல்லுக்கட்டினால் உங்கள் கூலிதான் போகும். பாட்டுப் பதிவு பண்ணுகிற ஸ்டுடியோக்காரருக்கு மட்டும் இந்த மலிவுக் கார்டு ஒத்துவராது, மைக்கில் இரைச்சல் தெரியும்.

11. கிடைத்த டிரைவரைச் சேமித்து வையுங்கள். 2019-ல் இன்டெல் தன் பழைய போர்டுகளுக்கான டிரைவர், பயாஸ் ஃபைல்களை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. இன்று இருக்கும் ஃபைல் நாளைக்கு இருக்கும் என்று உறுதியில்லை. சிப் எண்ணில் ஃபோல்டர் போட்டு இரண்டு இடத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் சிப் எண், எந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு டிரைவர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அதைத் திறப்பது வேறு கடைப் பையனாகவும் இருக்கலாம், பரவாயில்லை, ஒட்டுங்கள்.