தண்டு சுழல வேண்டும், தண்ணீர் நுழையக் கூடாது

உத்திரமேரூர்ப் பக்கம் நீர்மூழ்கி என்றால் யாருக்கும் கப்பல் நினைவுக்கு வராது, போர்வெல்லில் இறக்கும் மோட்டார்தான். அதைப் பிரித்து மாட்டுவது என் பிழைப்பு. அக்கா மகன் அறிவியல் கண்காட்சிக்காக நாலங்குல பிவிசி குழாயில் ஆளில்லாத குட்டி நீர்மூழ்கி செய்ய வந்தான். "மாமா, தண்டு வெளியே வர்ற ஓட்டையை எப்படி இறுக்குறது?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி.

இறுக்கக் கூடாது. கிளாண்ட் கயிறு போட்ட பம்பில் சொட்டுச் சொட்டாக நீர் கசிய விட்டுத்தான் நட்டைத் திருகுவோம். அந்தக் கசிவில்தான் தண்டு குளிரும். முறுக்கினால் கயிறு கருகி, தண்டில் வரி விழும். அப்புறம் எந்த சீலும் நிற்காது.

குட்டிக் கப்பலுக்குச் சொட்டுகூட ஆகாது. அதற்குத்தான் இரண்டு ஆயில் சீல், நடுவே கிரீஸ். இரண்டிலும் ஸ்பிரிங் இருக்கிற முகம் தண்ணீர்ப் பக்கம் பார்க்கட்டும். தண்டு எவர்சில்வராக இருக்கட்டும். நகத்தால் வருடினால் கோடு தட்டுப்படக் கூடாது. கிரீஸ் அறையின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, அதன்மேல் சைக்கிள் டியூப் துண்டை கிளாம்ப் வைத்துக் கட்டச் சொன்னேன். இது போர்வெல் மோட்டாரில் கற்றது. 100 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ அழுத்தம். நீர் நிரப்பிய மோட்டாரின் சீல் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. அடியில் உள்ள ரப்பர் டயாபிரம் உள்நீரையும் வெளிநீரையும் சமன் செய்துவிடும். மணலைத் தடுப்பதே சீலின் பெரிய வேலை. டியூப் துண்டும் அப்படித்தான் கிரீஸை அழுத்தும். உள் சீல் விட்டாலும் முதலில் வருவது கிரீஸ்தான், தண்ணீர் இல்லை.

காற்று இதைவிடக் கள்ளத்தனமானது. வெயிலில் 45 டிகிரிக்குச் சூடான குழாயை மூடிக் கிணற்றில் விட்டால், 27 டிகிரிக்கு வரும்போது உள்ளழுத்தம் 6 சதவீதம் வரை இறங்கும். அரை மீட்டர் கூடுதல் ஆழத்துக்குச் சமமாக அது நீரை உறிஞ்சும். குழாயைத் தொட்டித் தண்ணீரில் ஊறவிட்டு, குளிர்ந்த பிறகு மூடுங்கள். கசிவு பார்க்க, தண்டு ஓட்டையை அடைத்துவிட்டு கை பம்பில் ஓரிரு அடி போதும்; மூடி ஓரம் குமிழி விட்டால் ஓ ரிங்கை மாற்றுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம். பிவிசி வெடித்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

"பெருசா செஞ்சா நானே உள்ள உக்காரலாமா?" என்றும் கேட்டான். 60 சென்டிமீட்டர் சதுர மூடிமேல் 3 மீட்டர் ஆழத்தில் ஒரு டன்னுக்கு மேல் பாரம் உட்காரும். உள்ளிருந்து எவனும் தூக்க முடியாது. மூச்சில் வெளிவரும் கரியமில வாயு வேறு, ஆக்சிஜன் தீருமுன்பே ஆளைச் சாய்க்கும். பள்ளிக்கரணை தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 6,000 மீட்டர் ஆழத்துக்கென உருவாக்கும் மத்ஸ்யா 6000 கலத்தில், மூன்று பேர் உட்காரும் 2.1 மீட்டர் கோளமே டைட்டானியம்.

அந்த மாதிரி ஆழ்கடல் கலங்களில் ஆள் இருக்கும் கோளத்தைத் துளைத்துச் சுழலும் தண்டே போகாது. உந்தி மோட்டார் வெளியே, கம்பி மட்டும் உள்ளே. சுருள் நன்றாக வார்னிஷ் ஏறிய பிரஷ் இல்லாத மோட்டார் கிடைத்தால் நீங்களும் அப்படியே செய்யலாம். ஆனால் கம்பியின் உறைக்குள் இழைவழியே நீர் ஏறும். எனவே துளைக்குள் வரும் இடத்தில் உறையை ஓரங்குலம் சீவி, இழைகளில் ஈயம் ஓடவிட்டு, அதன்மேல் எபாக்சி ஊற்றுங்கள்.