கோபுரமும் அடிக்கல்லும்

வாசிக்க வேண்டிய சுவிசேஷ பாகம்: மாற்கு 12-ம் அதிகாரம் 38-ம் வசனம் முதல் 13-ம் அதிகாரம் 2-ம் வசனம் வரை.



சர்வேசுரனுக்கு ஆலயம் கட்டுவது புண்ணியம் என்று சிறு பிராயம் முதல் கற்றிருக்கிறோம். அது மெய்தான். ஆனால் சேசுநாதருடைய சீஷன் ஆலயம் கட்டும்போது எதை முந்தி வைக்கவேண்டும், எதைப் பிந்தி வைக்கவேண்டும் என்பதை நாம் அடிக்கடி ஆலோசிப்பதில்லை. இந்த வாரம் அதைப்பற்றிச் சற்றே படிப்போம். அதற்கு உதவியாகத் தூரதேசத்தில் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் பார்ப்போம்.

1. ஆப்பிரிக்காவில் ஒரு பேராலயம்

மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் என்றொரு நாடு இருக்கிறது. உலகத்தில் மற்றெந்த நாட்டையும்விட அதிகமாகக் கொக்கோ விளைவது அங்கேதான். அந்நாட்டின் முதல் ஜனாதிபதியாகிய ஹூஃபுவே புவாஞி ஒரு கத்தோலிக்கர். அவர் தாம் பிறந்த ஊராகிய யாமுசுக்ரோவை 1983-ஆம் ஆண்டில் தலைநகராக்கினார். 1985-ஆம் ஆண்டில் அங்கே சமாதானத் தாயின் பெயரால் ஒரு பேராலயம் கட்டத் தொடங்கினார். ரோமாபுரியிலுள்ள அர்ச். இராயப்பர் பேராலயத்தின் சாயலில் அது எழும்பிற்று. இத்தாலியிலிருந்து பளிங்குக் கல்லும், பிரான்சிலிருந்து நிறக் கண்ணாடியும் வந்து இறங்கின. சிலுவையின் உச்சிவரை அதன் உயரம் 158 மீட்டர். ரோமாபுரிப் பேராலயத்தின் உயரமோ 136 மீட்டர்தான். உள்ளே உட்கார 7,000 பேருக்கு இடம். நிற்பவர்களையும் சேர்த்தால் 18,000 பேர் கொள்ளும். நிறக் கண்ணாடிச் சித்திரம் ஒன்றில் ஜனாதிபதியின் உருவமும் காணப்படுகிறது.

இதெல்லாம் எப்பேர்ப்பட்ட காலத்தில் நடந்தது? கொக்கோ விலை விழுந்து, 1987-ஆம் ஆண்டில் அந்நாடு தன் கடனைச் செலுத்த முடியாமல் நிறுத்தி வைத்தது. 1989-ஆம் ஆண்டில் குடியானவனுக்குக் கொடுத்துவந்த கொக்கோ விலையை அரசாங்கம் பாதியாகக் குறைத்தது. மறு வருஷம் சம்பளக் குறைப்புத் திட்டத்தை எதிர்த்து மாணவர்களும் ஊழியர்களும் வீதிக்கு வந்தார்கள். கட்டடம் முடிந்ததும் 1989-ஆம் ஆண்டில்தான்.

அப்போது பாப்பரசராயிருந்த இரண்டாம் அருள் சின்னப்பர் இந்த ஆலயத்தை அபிஷேகம் செய்யச் சம்மதிக்குமுன் ஒரு நிபந்தனை வைத்தார். ஆலயத்தின் அருகே ஏழைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரியும் கட்டவேண்டும் என்பதே அது. 1990-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ந் தேதி ஆலயம் அபிஷேகம் பெற்றது. அச்சமயத்திலேயே ஆஸ்பத்திரிக்கு அடிக்கல்லும் மந்திரிக்கப்பட்டது.

அந்த அடிக்கல்லுக்குப் பிற்பாடு என்ன ஆயிற்று? ஆலயத்துக்குப் போதுமாயிருந்த பணம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை. ஜனாதிபதி 1993-ஆம் ஆண்டில் இறந்துபோனார். 2002-ஆம் ஆண்டில் உள்நாட்டு யுத்தமும் மூண்டது. முடிவில் 2015-ஆம் ஆண்டில்தான் ஆஸ்பத்திரியின் வாசல் திறந்தது. கோபுரம் எழும்ப நான்கு வருஷம். நோயாளியின் கட்டில் வந்து சேர ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம். அபிஷேகத்தன்று தாயின் மடியில் இருந்த பிள்ளை, ஆஸ்பத்திரி திறக்கும்போது வாலிபனாய் வளர்ந்திருப்பான். அதற்குள் அந்தத் தாய் எத்தனை முறை காய்ச்சலோடு கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருப்பாளோ, சர்வேசுரனுக்கே தெரியும்.

2. சுவிசேஷம் வைத்திருக்கும் வரிசை

இனி மேலே குறித்த சுவிசேஷ பாகத்தைக் கையில் எடுப்போம். அதில் மூன்று காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. அவை ஒரே சங்கிலி என்பதை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலாவது: நீண்ட அங்கி தரித்து, சந்தை வெளியில் வந்தனத்தை விரும்பி, விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரைக் குறித்துச் சேசுநாதர் எச்சரிக்கிறார்.

இரண்டாவது: காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அவர் உட்கார்ந்திருக்கும்போது, ஓர் ஏழை விதவை தன் சீவனத்துக்கு இருந்த இரண்டு சிறு காசுகளையும் போட்டுவிட்டுப் போகிறாள். எல்லாரையும்விட அவளே அதிகம் போட்டாள் என்கிறார்.

மூன்றாவது: தேவாலயத்தைவிட்டு வெளியே வந்தவுடனே சீஷர்களில் ஒருவர், எத்தகைய கற்கள், எத்தகைய கட்டடங்கள் என்று வியந்து காட்டுகிறார். சேசுநாதரோ கல்லின்மேல் கல் நில்லாது என்று அறிவிக்கிறார். அவ்வாறே கி.பி. 70-ஆம் ஆண்டில் ரோமைப் படை செருசலேம் தேவாலயத்தை அழித்தது.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். சேசுநாதர் விதவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீஷர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதவையின் பக்தியை ஆண்டவர் மெச்சினார் என்பது உண்மை. ஆனால் விதவையின் வீட்டை விழுங்குகிறவர்களைச் சபித்த கையோடுதான் மெச்சினார். அவளிடத்திலிருந்து கடைசிக் காசையும் வாங்கிக்கொண்டு, அவள் இராத்திரி என்ன சாப்பிட்டாள் என்று விசாரியாத ஆலயம், எவ்வளவு பெரிய கல்லால் கட்டப்பட்டாலும் நிலைக்காது. சீஷத்துவத்தின் முதல் பாடம் இதுவே: குரு எங்கே பார்க்கிறாரோ அங்கே பார்க்கக் கற்றுக்கொள்வது.

3. சில ஆட்சேபங்களும் விடைகளும்

ஆட்சேபம்: பெத்தானியாவில் மரியாள் விலையேறப்பெற்ற பரிமளத் தைலத்தைச் சேசுநாதர்மேல் ஊற்றினபோது, அதை விற்றுத் தரித்திரருக்குக் கொடுக்கலாமே என்று சொன்னவன் யூதாஸ் அல்லவா? ஆலயச் செலவைக் குறைசொல்லுகிறவர்கள் யூதாஸின் கட்சியார் ஆகமாட்டார்களா?

விடை: யூதாஸ் தரித்திரர்மேல் கவலைகொண்டு பேசவில்லை, பணப்பையில் கைவைக்கவே பேசினான் என்று சுவிசேஷமே சொல்லுகிறது. மரியாள் தன் சொந்தப் பொருளை ஊற்றினாள். பாத்திரத்தில் தன் பெயரைப் பொறிக்கவில்லை. மேலும், தரித்திரர் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்று ஆண்டவர் சொன்னது பழைய நியாயப்பிரமாணத்தின் வாக்கு. தரித்திரர் எப்போதும் இருப்பதால் உன் கையை எப்போதும் திறந்து வை என்பதே அங்கே கட்டளை. அதில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது நியாயமல்ல.

ஆட்சேபம்: ஏழைக்கு அழகு வேண்டாமா? பணக்காரனுக்கு மாளிகை உண்டு. ஏழைக்கு அவன் கோவில்தானே மாளிகை?

விடை: மிகவும் சரி. கூலிவேலை முடித்து வந்து, சுத்தமான பீடத்தின் முன்னே முழங்காலிடுகிற ஏழைக்குக் கிடைக்கிற ஆறுதலை ஒருவரும் குறைத்துப் பேசலாகாது. ஆனால் அழகு வேறு, ஆடம்பரம் வேறு. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ந் தேதி இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாட்டைப்பற்றி வெளியிட்ட ஏட்டில் இந்தப் பேதத்தையே காட்டிற்று: ஆலயக் கலையில் வெறும் செல்வப் பகட்டை அல்ல, மேன்மையான அழகையே தேடவேண்டும் என்றது. வெள்ளையடித்த சுவரும், துவைத்த பீடத்துணியும், வாடாத பூவும் அழகுதான். பக்கத்து ஊர்க் கோபுரத்தைவிட நம்முடையது ஐந்தடி உயரமாக வேண்டும் என்பது அழகல்ல, அது போட்டி.

ஆட்சேபம்: ஒருவர் தம் சொந்தப் பணத்தில் கட்டினால் நமக்கென்ன? யாமுசுக்ரோ ஆலயத்தைத் தம் சொந்தச் சொத்தில் கட்டினதாக அந்த ஜனாதிபதியும் சொன்னாரே?

விடை: பணம் யாருடையது என்பது ஒரு கேள்வி. அதைக் கொடுத்தவர் எதை முந்தி வைத்தார் என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு அந்த அடிக்கல்லே இருபத்தைந்து வருஷம் சாட்சி சொல்லிற்று.

4. வேதபாரகர்களும் திருச்சபையும் கற்பிப்பது

இது புதுக் கட்சியாரின் போதனை என்று யாரும் எண்ணவேண்டாம். நாலாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தியோக்கியா பட்டணத்தில் அர்ச். கிறிசோஸ்தோம் அருளப்பர் மத்தேயு சுவிசேஷத்தை விளக்கிப் பிரசங்கித்தபோது, கோவிலுக்குள் கிறிஸ்துநாதருக்குப் பட்டு உடுத்தி, வெளியே அவர் குளிரில் நிர்வாணமாய் நிற்கக் கண்டும் போவதேன் என்று கேட்டார். கோவிலுக்குக் கொடுக்கவேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. கோவிலுக்குக் கொடுப்பதோடுகூட, அதற்கு முந்தியே, ஏழைக்குக் கொடு என்றார். முந்தி, பிந்தி என்கிற வரிசைதான் அவருடைய போதனையின் சாரம்.

அதே நூற்றாண்டில் மிலான் நகரத்து மேற்றிராணியாராகிய அர்ச். அம்புரோசியார், யுத்தத்தில் சிறைப்பட்டவர்களை மீட்கக் கோவிலின் பூசைப் பாத்திரங்களை உடைத்து உருக்கினார். விரோதிகள் தூற்றினார்கள். திருச்சபையிடம் பொன் இருப்பது பூட்டி வைப்பதற்கல்ல, இடுக்கண்பட்டவர்களுக்குச் செலவிடுவதற்கே என்பது அவர் கூறிய சமாதானம்.

நம் காலத்துக்கு வருவோம். 1964-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ந் தேதி பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் தம் மும்முடியைக் கழற்றி, ஏழைகளுக்கென்று இராயப்பர் பேராலயப் பீடத்தின்மேல் வைத்தார். மறு வருஷம் நவம்பர் 16-ந் தேதி, பொதுச்சங்கம் முடியும் தறுவாயில், ஏறக்குறைய நாற்பது மேற்றிராணிமார் ரோமாபுரியில் தொமித்தில்லா சுரங்கக் கல்லறையில் கூடிப் பூசை செய்து, வீட்டிலும் உணவிலும் பிரயாணத்திலும் சாதாரண ஜனங்களைப்போல் வாழ்வோம் என்று கையெழுத்திட்டார்கள். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்போ, 1254-ம் எண்ணில், திருச்சபையின் ஆஸ்திக்கு நோக்கங்கள் இவை என்று வரையறுக்கிறது: தேவ ஆராதனை, குருக்களின் தகுந்த பராமரிப்பு, வேத ஊழியமும் தர்மக் கிரியைகளும், விசேஷமாய் ஏழைகளுக்குச் செய்யும் உதவி. ஆகையால் ஏழையின் பங்கு, செலவு போக மிஞ்சினதில் கொடுக்கும் பிச்சையல்ல. அது கணக்கின் உள்ளேயே இருக்கவேண்டியது.

5. நமக்குப் பாடம்

தூரதேசத்து ஜனாதிபதியைக் குறைசொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாகாது. அவர் பெரிய அளவில் செய்ததை நாம் சின்ன அளவில் செய்வதில்லையா?

கோவில் வேலைக்குத் தலைக்கட்டு வரி எழுதும்போது, எந்த வீட்டில் படுக்கையாய்க் கிடக்கிறவர் உண்டு, எந்த வீட்டில் கைம்பெண் தனியே பிள்ளைகளை வளர்க்கிறாள் என்று யோசித்து எழுதுகிறோமா? வரி பாக்கி வைத்திருக்கிறவர் தன் மகளின் கலியாண ஓலைக்காக வந்து நிற்கும்போது, அவர் முகம் வாடும்படி நாம் பேசினோமானால், அந்த நிமிஷமே விதவையின் வீட்டை விழுங்கினவர்களோடு நாமும் சேர்ந்துவிட்டோம். குழல்விளக்கு ஒன்றைக் கொடுத்து, அதன் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு ‘உபயம்’ என்று பெயர் எழுதினோமானால், நாமும் நிறக் கண்ணாடியில் நம் உருவத்தை வரைந்துகொண்டவர்களே.

கோபுரம் கட்டுவதைப்பற்றிச் சேசுநாதரும் ஓர் உவமை சொன்னார். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்றார். அது கல் கோபுரத்தைப் பற்றியதல்ல. தனக்குண்டானதை விட்டுவிடாதவன் தம் சீஷனாயிருக்க முடியாது என்று அந்த உவமையை அவர் முடிக்கிறார். நாம் கட்டும்படி அவர் சொன்ன கோபுரம் சீஷத்துவமே. அதற்குக் கணக்குப் பார்க்க மறந்துவிட்டு, மற்றக் கோபுரத்துக்கு மட்டும் கணக்கு எழுதினால் என்ன பிரயோசனம்?

யாமுசுக்ரோவின் கதைக்கு நல்ல முடிவும் ஒன்று உண்டு. பிந்தியானாலும் அந்த ஆஸ்பத்திரி எழும்பிற்று. அதற்கு அர்ச். சூசை மொஸ்காத்தியின் பெயரை இட்டார்கள். அவர் நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர். ஏழைகளிடம் கூலி வாங்காதவர். 1927-ஆம் ஆண்டில் மரித்து, 1987-ஆம் ஆண்டில் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றவர். அவருடைய வைத்திய அறையில், இருக்கிறவர் போடவும் இல்லாதவர் எடுத்துக்கொள்ளவும் ஒரு பாத்திரம் வைத்திருந்தாராம். கோபுரத்தின் அருகே அந்த வைத்தியரின் பெயர் இருப்பது நல்லதே. ஆனால் அந்த ஊர் நோயாளிகள் அதற்காக அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்திருக்கவேண்டாம். நம் பங்கில் ஒருவரும் அப்படிக் காத்திருக்கவேண்டாம்.

வீட்டில் ஆலோசிக்க:

1. நம் காணிக்கையில் கோவிலுக்கு எவ்வளவு, ஏழைக்கு எவ்வளவு? எதை முந்திக் கொடுக்கிறோம்?

2. வீடு கட்டினபோதும் கலியாணம் செய்தபோதும், பக்கத்து வீட்டாருக்குக் காட்டுவதற்காகவே நாம் செய்த செலவு எது?

3. நம் தெருவில் வைத்தியத்துக்கு வழியில்லாதவர் யார்? அவர் பெயர் நமக்குத் தெரியுமா?

இந்த வாரத் தீர்மானம்: ஞாயிறு பூசைக்கு வருமுன், பங்கிலே வியாதியாய் இருக்கிற ஒருவரை வீட்டில் போய்ப் பார்ப்போம். வெறுங்கையோடு போகாதிருப்போம். அதற்குப் பிறகு காணிக்கைத் தட்டில் போடுகிற காசு, சிறிதானாலும், ஆண்டவர் கண்ணுக்குப் பெரிதாய்த் தெரியும்.